ஊதுங்கள், ஊதிவிட்டுக் கேளுங்கள்

வானகரம் மீன் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் லோடு கொண்டுவரும் குட்டியானை ஓட்டுநர்களுக்கும், பைபாஸ் இறக்கத்தில் ராத்திரிச் சவாரிக்குக் காத்து நிற்கும் ஆட்டோ, கால் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும்,

பூந்தமல்லி, அம்பத்தூர் கோர்ட்டுகளில் வழக்கு நடத்தும் வக்கீல் எழுதுகிறேன். போலீஸ் ராத்திரியில் வைக்கும் குடிச் சோதனையைப் பற்றி உங்கள் ஸ்டாண்டுகளில் கொஞ்ச நாளாக ஒரு யோசனை கைமாறிக்கொண்டிருக்கிறது. "ஊதச் சொன்னா முடியாதுன்னு சொல்லிடு தலைவா. நமக்கு எதிரா நாமளே சாட்சி சொல்லத் தேவையில்ல, அரசியல் சட்டத்துலயே இருக்கு. ஊதலன்னா நம்பர் கிடையாது. நம்பர் இல்லன்னா டி.டி. கேஸ் நிக்காது." யார் சொன்னது என்று கேட்டால் ஒரு வக்கீல் என்கிறார்கள். எந்த வக்கீல் என்று கேட்டால் பக்கத்து ஆளைக் காட்டுகிறார்கள்.

இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நீங்களே சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள், நானும் இந்த மடலை எழுத வேண்டியிருந்திருக்காது.

குற்றம் சாட்டப்பட்ட எவரையும் அவருக்கு எதிராக அவரையே சாட்சியாக்கிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) சொல்வது நிஜம்தான். ஆனால் எதைச் சாட்சி என்பது? 1961-இல் காத்தி காலு ஒகத் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேர் ஒன்றாக உட்கார்ந்து இதற்குப் பதில் சொன்னார்கள். தனக்குத் தெரிந்ததை வாயாலோ எழுத்தாலோ வெளியிட வைத்தால் அது சாட்சி. விரல் ரேகை கொடுப்பதும் கையெழுத்து மாதிரி கொடுப்பதும் அதில் சேராது. 2010-இல் செல்வி வழக்கில், நார்கோ சோதனையும் பொய் கண்டறியும் சோதனையும் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று அதே நீதிமன்றம் தடுத்தது. அங்கேயும் கோடு கிழித்த இடம் இதுதான். மனதுக்குள் இருப்பதைப் பிடுங்குவது ஒரு பக்கம், உடம்பில் இருப்பதை அளப்பது இன்னொரு பக்கம். நீங்கள் விடும் மூச்சு ரேகையோடு சேர்ந்து இரண்டாவது பக்கத்தில் நிற்கிறது. அங்கே 20(3) உதவிக்கு வராது.

அடுத்து, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். டி.டி. கேஸ் என்று நீங்கள் சொல்லும், குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் அதில் 185-ஆவது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 செப்டம்பரிலிருந்து முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மறு தடவைக்கு 15,000, இரண்டு வருடம் வரை. இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதற்குப் பின்னால் வரும் 203, 204, 205-ஐத்தான் யாரும் படித்துச் சொல்வதில்லை.

சீருடையில் இருக்கும் போலீஸ்காரருக்கு, நீங்கள் குடித்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், உங்கள் மூச்சைக் கேட்கலாம் என்கிறது 203. மறுத்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். மறுத்தால் மட்டும் இல்லை, தரத் தவறினாலும் என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். கன்னத்தை உப்ப வைத்து மூக்கு வழியாகக் காற்றை விடுவது, குழாயை நாக்கால் அடைப்பது, இருமிக்கொண்டே அரை ஊதலோடு நிறுத்துவது எல்லாம் இந்த 'தவறினால்' கணக்கில் போய்விடும். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனபின் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தரவேண்டும். அங்கேயும் மாட்டேன் என்றால், டாக்டரை வைத்து உங்கள் ரத்தத்தைக் கேட்கலாம் என்கிறது 204. ரத்தமும் தரமாட்டேன் என்றால் 205 காத்திருக்கிறது: தகுந்த காரணம் காட்டாமல் மறுத்தது நிரூபணமானால், அந்த மறுப்பையே போலீஸ் தரப்புச் சாட்சியத்துக்குப் பலமாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, முடியாது என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் வாயைப் பிளந்து குழாயை யாரும் திணிக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு கைது, ஸ்டேஷன், ஊசி என்று வரிசையாக வரும்.

தகுந்த காரணம் என்று சட்டம் விட்டிருக்கும் இடைவெளி நிஜமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாக்காரர், நெஞ்சில் அடிபட்டவர், நீளமாக மூச்சு விட முடியாதவர் அதை அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கோர்ட்டில் இன்ஹேலரை எடுத்துக் காட்டினால் மாஜிஸ்திரேட் நம்புவது கஷ்டம். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகக் கிடக்கும்போது, சிகிச்சை பார்க்கும் டாக்டருக்குச் சொல்லாமல் மூச்சைக் கேட்கக் கூடாது. சிகிச்சை கெடும் என்று டாக்டர் தடுத்தால் அதோடு சரி. பெண் ஓட்டுநர்களும் இப்போது நம் பக்கம் இருக்கிறார்கள். ரத்தம் எடுக்க வரும் டாக்டர் ஆணாக இருந்தால், இன்னொரு பெண் உடன் இருந்தே ஆக வேண்டும்.

நம்பர் இல்லாமல் கேஸ் நிற்காது என்ற பேச்சிலும் சாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1971-லேயே பச்சுபாய் கர்யானி வழக்கில், வாயில் வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி இவை மட்டும் போதாது, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கவில்லையே என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. 185-இன் அளவுக்கணக்கை நிரூபிக்க ஒரு எண் வேண்டும்தான். ஆனால் 185 ஒன்றுதான் உங்கள் கவலையா? வண்டியின் தவணை இன்னும் பாக்கி இருக்கிறதே, அதைக் கேட்கிறேன்.

2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் ஒரு போர்ஷே கார் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்துபோனது. ஓட்டியவர் ஊதவும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை. டாக்டரின் குறிப்பில் மது வாடை அடித்தது என்று மட்டும் இருந்தது. காரின் சொந்தக்காரரான கம்பெனி இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 ஏப்ரலில் வந்த தீர்ப்பு: சோதனை எண் இல்லாவிட்டாலும், மற்றச் சாட்சியங்களையும் சூழ்நிலையையும் வைத்துக் குடிபோதையை இன்ஷூரன்ஸ் கம்பெனி நிரூபிக்கலாம். பணம் கிடையாது என்றது கோர்ட். போர்ஷேக்காரருக்கு அது ஒரு நஷ்டம். உங்கள் குட்டியானைக்கு இதே கதி வந்தால் வண்டியும் போகும், தவணையும் தொடரும். அடிபட்ட மூன்றாம் ஆளுக்குக் கம்பெனியே முதலில் கொடுத்துவிட்டாலும், பிறகு வண்டி முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டு வருவார்கள். ஊதாமல் தப்பித்த ஆளுக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி என்று ஒரு தம்பி கேட்டார். இங்கிலாந்தில் 1967-இல் பார்பரா காசில் என்ற அமைச்சர் ரோட்டோர ஊதலைச் சட்டமாக்கினார்; நியாயமான காரணம் இல்லாமல் மறுப்பது அங்கே தனிக் குற்றம். சிங்கப்பூரிலும் அப்படித்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016-இல் பிரித்துச் சொன்னது: கைதானவரிடம் மூச்சை வாரண்ட் இல்லாமல் கேட்கலாம், ரத்தத்தை அப்படிக் கேட்க முடியாது. மறுப்பைத் தனிக் குற்றமாக்காமல் சாட்சியத்துக்குத் துணையாக மட்டும் வைத்த நம் சட்டம் கொஞ்சம் மென்மையானது என்றே சொல்ல வேண்டும்.

நடைமுறையில் ஊத மறுக்கும் வசதி சிலருக்கு வாய்த்துவிடுகிறது என்பதையும் மறைக்க மாட்டேன். 2019 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்தில் பத்திரிகையாளர் பஷீர் கார் மோதி இறந்தார். காரில் இருந்தவர் ஐஏஎஸ் அதிகாரி. விபத்து நள்ளிரவு தாண்டி நடந்தது. அவரிடம் ரத்தம் எடுத்தது பல மணி நேரம் கழித்து. பரிசோதனையில் ஆல்கஹால் தென்படவில்லை. 2024 மே மாதம் புனேயில் ஒரு பதின்ம வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே இரண்டு இளைஞர்களைக் கொன்றபோது, ஆஸ்பத்திரியிலேயே ரத்த மாதிரியை மாற்றிவிட்டதாக டாக்டர்கள் கைதானார்கள். பெரிய இடம் என்றால் கடிகாரமும் ஆஸ்பத்திரியும் ஒத்துழைக்கும். ராத்திரி ஒரு மணிக்குப் பைபாஸ் இறக்கத்தில் மாட்டும் உங்களுக்கு அந்த இரண்டும் ஒத்துழைக்காது. உங்களுக்குப் பயன்படும் உரிமை வேறு. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த ஊதும் மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆழத்திலிருந்து வரும் மூச்சில் இருக்கும் ஆல்கஹால், உள்ளே ஒரு சின்ன செல்லில் பிளாட்டினத்தின் மேல் பட்டு மாற்றம் அடைகிறது. அப்போது துளி மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தை அளந்து, மூச்சில் இருப்பதைப்போல் 2,100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்று ஒரு பொதுக்கணக்குப் போட்டு எண்ணைக் காட்டுகிறது. 2,100 என்பது ஊர்ப்பொதுவான கணக்கு. ஆளுக்கு ஆள், உடம்புச் சூட்டுக்குச் சூடு அது மாறும். 120 காட்டினால் இந்த வித்தியாசத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 33, 36 என்று விளிம்பில் நிற்கும் ஆளுக்கு அதுதான் எல்லாமே.

அது நுரையீரலை அளப்பதாக நினைத்துக்கொண்டு வாயை அளந்துவிடுவதும் உண்டு. மவுத்வாஷ் கொப்பளித்த வாய், அரிஷ்டம் குடித்த வாய், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து இறங்கிய தொண்டை எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு எண்ணை ஏற்றிக் காட்டும். 2025 ஜூலையில் கேரள அரசுப் பேருந்துக் கழகத்தின் பந்தளம் டிப்போவில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். காலை டியூட்டிக்கு வந்த டிரைவர்கள் ஊதினார்கள், மெஷின் குடித்திருப்பதாகக் காட்டியது. நாங்கள் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். கடைசியில் பார்த்தால், டிப்போவில் யாரோ கொண்டுவந்து வைத்த பலாப்பழத்தில் ஆளுக்குச் சில சுளை தின்றிருந்தார்கள். சந்தேகம் தீர, ஊதிச் சுழியம் காட்டிய ஒருவரையே சுளை தின்ன வைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். மெஷின் காட்டிக்கொடுத்தது! பழம் கனிந்து புளிக்கத் தொடங்கும்போது துளி ஆல்கஹால் உண்டாகிறது, அவ்வளவுதான். அங்கே வந்த எண் 10 போலத்தான். 30-க்கு ரொம்பக் கீழே. அதனால் பண்ருட்டிப் பலா தின்றேன் சார் என்று 90 காட்டிய ஆள் சொன்னால் நானும் நம்ப மாட்டேன்.

வாயில் ஒட்டியது கால் மணி நேரத்தில் போய்விடும். ரத்தத்தில் இருப்பது அப்படிப் போகாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டுகிறவரும் உங்களைப்போல ஊதித்தான் வேலைக்குப் போகிறார். அவருக்கு முதல் ஊதலில் ஏதாவது காட்டினால், 15 முதல் 20 நிமிடம் இடைவெளி விடுகிறார்கள். முகம் கழுவி வாய் கொப்பளிக்க அனுமதி உண்டு. மறு ஊதலுக்கு முன்னால் அதே மெஷினை வேறொருவரை ஊதவைத்துச் சரிபார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவர் குடித்தவர் என்று எழுதுகிறார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி அது. அவரும் ஊத மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ள முடியாது, லைசென்ஸ் இடைநீக்கம் ஆகும். ஆனால் ஊதியபின் அவருக்குக் கிடைக்கும் மரியாதையைப் பாருங்கள். அந்தக் கால் மணி நேரம் ஏன் குட்டியானைக்காரருக்கு இல்லை?

இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. 203-ஐத் திரும்பப் படித்தால், ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு மாதிரி என்றுதான் இருக்கிறது. நீங்கள் கேட்கலாம். "சார், வாய் கொப்பளிச்சிட்டு கால் மணி கழிச்சு இன்னொரு தடவை ஊதறேன், ரெண்டு சீட்டையும் வெச்சுக்குங்க." இப்படிக் கேட்பவரை ஊத மறுத்தவர் என்று யாரும் எழுத முடியாது.

புதுக் குழாய் போடச் சொல்லுங்கள். உறையைக் கிழிப்பது உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். கொரோனாவுக்குப் பிறகு இதைக் கேட்பதில் யாருக்கும் கூச்சம் வேண்டியதில்லை. குழாய் போட்டதும் உங்களுக்கு முன்னால் மெஷினை வெறுமனே ஓடவிட்டால் திரையில் சுழியம் வரவேண்டும். முந்தைய ஆளின் மூச்சு மிச்சம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். 2025-இல் கேரள உயர் நீதிமன்றம், வெற்றுச் சோதனையில் சுழியம் காட்டாத மெஷினில் எடுத்த அளவை வைத்துக் கேஸ் நடத்த முடியாது என்று ஒருவர் மீதான குடிபோதை வழக்கை ரத்து செய்தது. அது கேரளப் போலீசின் சுற்றறிக்கையை வைத்துச் சொன்ன தீர்ப்பு. நம் மாஜிஸ்திரேட்டை அது கட்டிப்போடாது. ஆனாலும் எடுத்துக் காட்டலாம், காட்டினால் கேட்பார்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, மீன் மார்க்கெட்டுக்கு வரும் உங்களுக்குத்தான் அது நன்றாகப் புரியும். மார்க்கெட்டில் வஞ்சிரம் நிறுக்கும் மின்தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை முத்திரை போடவேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வருவார். முத்திரை காலாவதியான தராசு என்றால் அபராதம். கால் கிலோ மீனுக்கு இவ்வளவு காவல். ஒரு ஆளின் லைசென்சை நிறுக்கும் மெஷினுக்கு? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024 மே மாதம்தான், மூச்சுச் சோதனைக் கருவிகளையும் சரிபார்த்து வருடந்தோறும் முத்திரை போடவேண்டும் என்று வரைவு விதிகளை வெளியிட்டது. சட்டத்தில் 203-இன் விளக்கமே, மத்திய அரசு அங்கீகரித்த வகைக் கருவியாக இருக்க வேண்டும் என்கிறது. அங்கீகாரமும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் எங்கே என்று கோர்ட்டில் கேட்பது வக்கீலின் வேலை. ரோட்டில் நீங்கள் அதைக் கேட்டு வாக்குவாதம் செய்யாதீர்கள். மெஷினில் ஒட்டியிருக்கும் எண் சீட்டில் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், தவறினால் விடவேண்டும் என்கிறது 202. வலுவான பாதுகாப்பு. ஆனால் பல நேரம் கைது என்ற சொல்லே வராது. வண்டியை ஓரம் கட்டி, சாவியை வாங்கிக்கொண்டு, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா என்பார்கள். அப்போது இரண்டு மணிக் கணக்கு எங்கிருந்து ஆரம்பிக்கும்? சாமர்த்தியமான ஏற்பாடு இது, வக்கீலாக இருந்தும் ரசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. எண் தப்பு என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், என்னை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். சொன்னதைச் சீட்டின் பின்பக்கத்திலாவது நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

வண்டியில் ஐஸோடு மீன் இருந்தால் வேறு தலைவலி. நீங்கள் ஓரமாக நிற்கும் நேரத்தில் ஐஸ் உருகித் தார்ப்பாய்க்குக் கீழே ஒழுகும், லோடுக்காரர் போனில் கத்துவார். 2021 நவம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம், குடித்த ஓட்டுநரை வண்டி எடுக்க விடக் கூடாது, ஆனால் லைசென்ஸ் உள்ள, குடிக்காத வேறு ஆள் வந்தால் வண்டியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. நம் ஊரிலும் பொறுமையாகக் கேட்டால் இதற்கு இணங்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஸ்டாண்டில் ராத்திரிக்கு ஒருவர் குடிக்காமல் போனை எடுக்கும் தூரத்தில் இருப்பது என்று உங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் விரும்பிக் கேட்காத பகுதி. லோடு அடிப்பவர்களில் பலர் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் அல்ல. முந்தின ராத்திரி குடித்துவிட்டுத் தூங்கி எழுந்து ஓட்டுகிறவர்கள். அவர்கள்தான் விடியற்காலையில் மாட்டி, "நேத்து சாப்பிட்டது சார்" என்று நொந்துபோகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடும். நீங்கள் 65 கிலோ எடையுள்ள ஆள், ஒன்பதரைக்கு ஆரம்பித்து ஒரு குவார்ட்டரை முடிக்கிறீர்கள். 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் 60 கிராம். அது உடம்பில் பரவினால் 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 135 மில்லிகிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 15 கழிக்கும். விடியற்காலை நாலு மணிக்கு நீங்கள் பல் விளக்கி, டீ குடித்து, வண்டியை எடுக்கும்போது ஆறரை மணி நேரம் ஆகியிருக்கிறது. கழிந்தது 97. மிச்சம் 38. தெளிவாக இருப்பதாகத்தான் உங்களுக்குத் தோன்றும். மெஷினுக்கு அப்படித் தோன்றாது.

15 என்பது நடுவான கணக்கு. சிலருக்கு 10-தான் கழியும். அந்த ஆளுக்கு அதே நாலு மணிக்கு 70 மிச்சம் இருக்கும். பச்சைத்தண்ணீரில் குளித்தாலும், மோர் குடித்தாலும், கொய்யா இலை மென்றாலும், பாக்குப் போட்டாலும் கல்லீரல் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாது. ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில் என்றால் 90 பக்கம் ஏறும். 30-க்கு இறங்க நாலு மணி நேரம். நாலு மணி லோடு இருக்கிற ராத்திரி குவார்ட்டர் கணக்கு எப்படிப் போட்டாலும் தேறாது. பன்னிரண்டு மணி நேர விதியை விமானிக்கு விதித்தவர்கள் சும்மா விதிக்கவில்லை: விமானத்தைத் தொடுவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் கிளாஸை வைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

போலீஸ் தரப்புக்கும் ஒரு வார்த்தை. மதுரவாயல் பக்கம் சென்னை மாநகரக் காவலும், திருவேற்காடு பக்கம் ஆவடி ஆணையரகமும் தடுப்பு வைத்து, வருகிற எல்லோரையும் வரிசையாக ஊதச் சொல்லும் ராத்திரிகள் உண்டு. சந்தேகிக்க நியாயமான காரணம் என்று 203 கேட்கும்போது, வரிசையில் நிற்பதே காரணம் ஆகுமா? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் சந்தேகமே இல்லாமல் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று வெளிப்படையாகச் சட்டம் செய்துவிட்டுத்தான் ஆரம்பித்தது. அப்படி இங்கேயும் ஒரு சட்டம் வந்தால் நான் ஆதரிப்பேன். ராத்திரியில் நானும் இந்த ரோட்டில்தான் வீட்டுக்குப் போகிறேன், எதிரே வரும் லாரிக்காரர் தெளிவாக இருப்பது எனக்கும் வேண்டும். ஆனால் சட்டத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு ரோட்டில் வேறொன்றைச் செய்தால், கோர்ட்டில் குடிக்காதவரோடு சேர்ந்து குடித்தவரும் தப்பிப் போவார்.

அரசே விற்று அரசே பிடிக்கிறதே என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-இல் தீர்ப்புச் சொன்னதே நம் தமிழ்நாட்டு வழக்கில்தான், வழக்கறிஞர் கே. பாலு தொடுத்தது. 2017-இல் நகராட்சி எல்லைகளுக்கு அது பொருந்தாது என்று அதே நீதிமன்றம் தளர்த்தியது. அந்தச் சண்டையை வேறு நாள் போடுவோம். அதை மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் உங்கள் அபராதத்தில் ஒரு ரூபாய் குறையாது. கல்யாண மண்டபத்திலிருந்து நண்பரின் பைக்கில் பின்னால் ஏறிப் போகிறவர்களும் கவனிக்கவும்: ஓட்டியவர் குடித்திருந்தால் உடன் வந்தவர் மீதும் 188-இல் உடந்தை வழக்கு உண்டு என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2022 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது.

கேஸ் போட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் ஓடுகிறீர்கள். ஒரு நாள் வண்டி நின்றால் என்ன நஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கட்டுவது என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. அடுத்த தடவை மாட்டினால் அது இரண்டாவது குற்றம். லைசென்ஸ் ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். குறைந்தது மூன்று மாதம் இடைநீக்கம் செய்ய வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. 110 காட்டி, நிஜமாகவே குடித்திருந்தவர் வாதாடிக் காசைக் கரியாக்க வேண்டாம், கட்டிவிடட்டும். 34 காட்டியவரும், குடிக்காமலே மாட்டியவரும் கட்டுவதற்கு முன்னால் சீட்டை ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெஷின் எண் இருக்கிறதா, ஊதிய நேரமும் நிறுத்திய நேரமும் ஒத்துவருகிறதா, வெற்றுச் சோதனை என்று ஒரு வரி இருக்கிறதா, அதில் சுழியம்தானா, எத்தனை ஊதல் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சீட்டு வெப்பத்தாளில் அச்சாவது. டேஷ்போர்டில் வெயில் பட வைத்தால் சில வாரத்தில் வெளுத்துவிடும். அன்றைக்கே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். போகும்போது சீட்டின் படமும், ஆர்.சி. நகலும், இரண்டாவது ஊதல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகலும் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பூந்தமல்லி கோர்ட்டில் உங்கள் கேஸ்களைப் பார்க்கும் வக்கீல்